இனிப்பும் காரமுமாகச் சுட்ட இறால்: பாகு எப்போது ஏற வேண்டும்?

கேள்வி, 18 ஏப்ரல் 2024

வேலை முடிந்து வீடு வந்து சேரும்போது மணி எட்டு. அரை மணி நேரத்தில் சாப்பாடு ஆக வேண்டும். இனிப்பும் காரமுமாக இறாலைச் சுட்டு எடுப்பது சுலபம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். செய்தால் தேனும் மிளகாய்த்தூளும் கல்லில் கருகிப் பிடிக்கின்றன. இறாலோ தண்ணீர் விட்டு, சுட்டதும் இல்லாமல் குழம்பும் இல்லாமல் நிற்கிறது. கரி அடுப்பு வைத்திருக்கும் ஓட்டல்களுக்கு மட்டுமே ஆகிற காரியம் இது, வீட்டு கேஸ் அடுப்பில் நடக்காது என்பது என் முடிவு. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

18 ஏப்ரல், இரவு 10.15

மறுக்கிறேன். அடுப்பின் மேல் குற்றமில்லை, தேனை முதலிலேயே பிசறி வைத்ததுதான் வினை. இறால் உள்ளே 63 டிகிரி செல்சியஸைத் தொட்டால் வெந்தாயிற்று. தேனில் இருக்கும் பழச்சர்க்கரை 110 டிகிரி வாக்கிலேயே நிறம் மாறத் தொடங்கிவிடும். நன்றாகக் காய்ந்த தோசைக்கல் 200 டிகிரியைத் தாண்டி நிற்கும். இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டால் முதலில் தீய்வது தேன்தான்.

தண்ணீர் விடுவது வேறு கதை. ஈரத்தோடு போட்டிருப்பீர்கள், அதுவும் அரைக் கிலோவையும் ஒரே தடவையில் கொட்டியிருப்பீர்கள்.

எங்கள் வீட்டில் உப்பும் மிளகாயும் முன்னால், இனிப்பு கடைசி அரை நிமிடத்தில். அளவுகளை நாளை எழுதுகிறேன். ஓட்டுப் போடும் நாள், விடுமுறை.

19 ஏப்ரல், மாலை 6.30

விரலில் மையோடு எழுதுகிறேன். தூத்துக்குடி வெயிலில் வரிசையில் நின்றதற்குப் பரிசாக இன்று இரவும் இதே சமையல்தான்.

கிலோவுக்கு 40 நிற்கிற இறால் இதற்குத் தோது. தலையும் ஓடும் போனால் ஒரு கிலோ ஏறக்குறைய அரைக் கிலோவாகிவிடும். மீன்காரம்மாவிடமே உரித்து வாங்கிக்கொள்ளுங்கள். அரை மணி நேரச் சமையல் என்கிற கணக்கு நிற்பதே அந்த அம்மாள் புண்ணியத்தில்தான். வால் ஓடு மட்டும் இருக்கட்டும், திருப்பிப் போடப் பிடி கிடைக்கும். முதுகைக் கீறிக் குடலை எடுக்கும்போது கொஞ்சம் ஆழமாகவே கீறச் சொல்லுங்கள். பாகு போய் உட்கார இடம் வேண்டும்.

கழுவியதும் பழைய வேட்டித் துணியில் பரப்பி ஒற்றி எடுக்க வேண்டும். துணி நனைந்துவிட்டால் வேறு துணி. இந்த வேலையைச் சோம்பேறித்தனத்தால் விட்டவர்கள்தான் பிறகு அடுப்பைத் திட்டுகிறார்கள்.

அரைக் கிலோவுக்கு முக்கால் தேக்கரண்டி உப்பு, ஒன்றரைத் தேக்கரண்டி காஷ்மீரி மிளகாய்த்தூள், அரைத் தேக்கரண்டி மிளகுத்தூள், ஒரு மேசைக்கரண்டி கடலை எண்ணெய். பிசறிப் பத்து நிமிடம் வைத்தால் போதும். எலுமிச்சை வேண்டாம், பூண்டும் வேண்டாம். இரண்டுக்கும் பின்னால் இடமிருக்கிறது.

அந்தப் பத்து நிமிடத்தில் பாகு. 50 கிராம் கருப்பட்டியைத் தட்டிப் போட்டு, மூன்று மேசைக்கரண்டி தண்ணீர் விட்டுக் கரைத்து, துணியில் வடிகட்டுங்கள். வடிகட்டாமல் விட்டால் பல்லில் மணல் கடிபடும். சிறு கோலி அளவு புளியின் கரைசல், நசுக்கிய பூண்டு ஐந்தாறு பல், கொரகொரப்பாகப் பொடித்த குண்டு மிளகாய் இரண்டு, ஒரு சிட்டிகை உப்பு சேர்த்துக் கொதிக்க விடுங்கள். கரண்டியின் முதுகில் விரலால் ஒரு கோடு இழுத்தால் கோடு மூடிக்கொள்ளக் கூடாது. அதுதான் பதம். கம்பிப் பதம் வரை விட்டுவிட்டால் ஆறியபின் இறால் மேல் மிட்டாய் ஓடு கட்டிக்கொள்ளும், பிள்ளைகளுக்கு வேண்டுமானால் பிடிக்கும்.

இரும்புக் கல்லைப் புகை கிளம்பும் வரை காய வைத்து, இறாலை ஒன்றோடொன்று ஒட்டாமல் அடுக்குங்கள். ஒன்றரை நிமிடம் தொடாதீர்கள். திருப்பி ஒரு நிமிடம். தீயைக் குறைத்துப் பாகை ஊற்றி இரண்டு பிரட்டு, அரை நிமிடத்தில் இறக்கி எலுமிச்சை பிழியுங்கள். கல்லில் இடம் போதாவிட்டால் இரண்டு ஈடாகப் போடுங்கள். இரண்டாம் ஈட்டுக்கு முன் கல்லைத் துடைக்க வேண்டும், முதல் ஈட்டின் பாகு அங்கே கரிந்துகொண்டிருக்கும்.

20 ஏப்ரல்

“மிளகாய்த்தூள் போட்டால் எல்லாமே சிவப்பு, வெந்ததா இல்லையா என்று எப்படித் தெரியும்?” என்று கோயம்புத்தூரிலிருந்து ஒரு தங்கச்சி. நல்ல கேள்வி.

பச்சை இறாலின் சாம்பல் நீலத்துக்குள்ளேயே சிவப்பு நிறமி இருக்கிறது. ஒரு புரதம் அதைக் கட்டி வைத்திருக்கிறது. சூட்டில் புரதம் குலைந்ததும் சிவப்பு வெளியே வருகிறது. நாம் மேலே மிளகாய் பூசிவிட்டால் அந்த அடையாளம் மறைந்துபோகும். எனவே நிறத்தை விட்டுவிட்டு முதுகுக் கீறலைப் பாருங்கள். சூடு ஏற ஏறக் கீறல் வாய் பிளக்கும். உள்ளே முதலில் கண்ணாடி போல மங்கலாகத் தெரியும் சதை, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வெள்ளையாகிக்கொண்டே வரும். நடுவில் நூல் அகலத்துக்குக் கண்ணாடி மிச்சம் இருக்கும்போதே பாகை ஊற்றிவிட வேண்டும். மிச்சத்தைப் பாகின் சூடு பார்த்துக்கொள்ளும். தலை இருந்த பக்கம்தான் தடிமன், அங்கே பாருங்கள், வால் பக்கம் பார்த்து ஏமாற வேண்டாம்.

வளைவும் ஒரு சாட்சி. அரைவட்டமாக வளைந்தால் சாப்பிடலாம். வாலும் தலைப்பக்கமும் ஒட்டிச் சுருண்டுவிட்டால் மெல்லத்தான் வேண்டும்.

22 ஏப்ரல்

ஆப்பச் சோடா பற்றிக் கேட்டவருக்கு: ஆம், வேலை செய்யும். அரைக் கிலோவுக்குக் கால் தேக்கரண்டி, உப்போடு சேர்த்துப் பிசறிக் கால் மணி நேரம். சோடாவின் காரத்தன்மை (மிளகாய்க் காரமல்ல, புளிப்புக்கு எதிரான குணம்) கூடும்போது சதை தன் நீரை இறுகப் பிடித்துக்கொள்கிறது, கடித்தால் ‘நறுக்’ என்கிறது. கை தவறி ஒரு தேக்கரண்டி விழுந்தால் சோப்பு வாடை. எங்கள் வீட்டில் சோடா கட்சி தோற்றுவிட்டது. அன்றன்றைய இறால் கிடைக்கும் ஊரில் அது எதற்கு என்பது வீட்டம்மாவின் தீர்ப்பு, மேல்முறையீடு கிடையாது.

27 ஏப்ரல்

கருப்பட்டி கிடைக்கவில்லை, வெல்லம் போடலாமா, தேன் போடலாமா, சீனி போடலாமா என்று கேள்வி மேல் கேள்வி. போடலாம். வெல்லத்துக்கு அதே அளவு. சீனிக்குக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள், வெறும் இனிப்பு தவிர அதில் ஒன்றுமில்லை. தேன் என்றால் அடுப்பை அணைத்தபின் ஊற்றுங்கள்.

ஆனால் கருப்பட்டியை நான் விடமாட்டேன். சொந்த ஊர் அபிமானம் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளுங்கள். உடன்குடி எங்களுக்குப் பக்கம். அங்கே பதநீர் இறக்கும் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவித்தான் மரத்தில் கட்டுவார்கள், இல்லாவிட்டால் புளித்துக் கள்ளாகிவிடும். அந்தச் சுண்ணாம்பு, விறகுப் புகை, நீண்ட நேரம் காய்ச்சுவதில் வரும் லேசான கசப்பு எல்லாம் சேர்ந்துதான் அந்த ருசி. சுட்ட இறாலுக்கு அந்தக் கசப்புதான் உறவு. உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கும் ராமநாதபுரம் குண்டு மிளகாய்க்கும் 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இரண்டும் ஒரே பாகில் கொதிப்பதை எண்ணி எனக்கு ஓர் அற்பச் சந்தோஷம்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது: சிரட்டையில் ஊற்றி எடுத்த அரைக்கோள வடிவம் மட்டும் சான்று ஆகாது. சீனிப் பாகு கலந்ததையும் அதே சிரட்டையில்தான் ஊற்றுகிறார்கள். உடைத்த இடத்தில் சீனிக் கற்கண்டு மாதிரிப் பளபளவென்று மின்னினால் யோசியுங்கள். நாக்கில் வைத்தால் இனிப்புக்குப் பின்னால் கரிப்பும் வர வேண்டும். கரிப்பு உண்டு என்பதால் பாகில் உப்பு ஒரு சிட்டிகையைத் தாண்டக் கூடாது.

27 ஏப்ரல், சற்று நேரம் கழித்து

புளி எதற்கு, எலுமிச்சைதான் இருக்கிறதே என்றால், புளி பாகைச் சீனி மணியாகப் பூத்துப்போக விடாது. எலுமிச்சை வாசனைக்கு, அது சூட்டில் நிற்காது. முன்னாலேயே எலுமிச்சையில் ஊற வைத்தால் புளிப்பே இறாலின் வெளிச்சதையை வேக வைத்ததுபோல் வெளுக்கச் செய்துவிடும். பிறகு கல்லில் போட்டால் இரட்டை வேக்காடு, ரப்பர்.

3 மே

“அண்ணாச்சி, தடைக்காலத்தில் இறாலுக்கு எங்கே போவது?” என்கிறார் சென்னைத் தம்பி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில்தான் கிடக்கும். தடை நாட்டுப்படகுக்கு இல்லை. இங்கே திரேஸ்புரத்தில் வள்ளங்கள் போய்வருகின்றன. வரத்துக் குறைவு, விலை கேட்டால் பசி அடங்கிவிடும்.

ஆகவே இந்த இரண்டு மாதமும் பண்ணை இறால்தான், பெரும்பாலும் வனாமி. மெக்சிகோவிலிருந்து பெரு வரையிலான பசிபிக் கரைக்குச் சொந்தமான இனம், 2009இல் இந்தியாவில் வளர்க்க அனுமதி கிடைத்தது, இன்று ஏற்றுமதியில் பெரும்பங்கு அதுதான். கடல் வெள்ளை இறாலின் வாசம் அதில் இல்லை என்பது என் கட்சி. ஆனால் இந்தச் சமையலுக்கு அது பெரிய குறை இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கருப்பட்டியும் குண்டு மிளகாயும் ஏறிய பிறகு மெல்லிய வாசத்தைத் தேடுவது வீண். கடல் இறால் அருமையாகக் கிடைத்த நாளில் உப்பும் மிளகும் போதும், பாகை வீணாக்காதீர்கள்.

உறைய வைத்த பொட்டலம் என்றால் இரண்டு எச்சரிக்கை. ஒவ்வோர் இறாலின் மேலும் பனிப்பூச்சு இருக்கும், அந்த எடைக்கும் சேர்த்துத்தான் நீங்கள் காசு கொடுத்திருக்கலாம். பனி நீங்கிய நிகர எடை எவ்வளவு என்று அட்டையில் பாருங்கள். உட்பொருள் பட்டியலில் பாஸ்பேட் என்று இருந்தால் அந்த இறால் தண்ணீரைக் குடித்து வைத்திருக்கிறது. எவ்வளவு ஒற்றினாலும் கல்லில் விட்டே தீரும், அதைக் குழம்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

உருக்குவதற்கு வெந்நீர் கூடாது. பொட்டலத்தைப் பிரிக்காமல் குளிர்ந்த தண்ணீரில் இருபது நிமிடம் போட்டு வைத்தால் போதும். சட்டையை மாற்றி முகம் கழுவி வருவதற்குள் ஆகிவிடும்.

4 மே

ஏர் பிரையர்: 200 டிகிரி, ஐந்தாறு நிமிடம், பாகு வெளியே எடுத்தபின். ருசி தோசைக்கல்லுக்கு ஒரு படி கீழே, கழுவுகிற வேலை இரண்டு படி கீழே. நீங்களே முடிவு செய்யுங்கள்.

11 மே

நாகப்பட்டினத்து ஆசிரியர் ஒருவர் கொஞ்சம் காட்டமாகவே எழுதியிருக்கிறார். பண்ணை இறாலை இவ்வளவு சாதாரணமாகப் பரிந்துரைக்கிறீர்களே, எங்கள் வயல்களை உப்பாக்கிய கதை தெரியாதா என்று.

தெரியும் ஐயா. தொண்ணூறுகளில் கீழத்தஞ்சைக் கடலோரத்தில் நெல் வயல்களை வாங்கிக் குளம் வெட்டினார்கள், குடிநீர் கரித்தது. காந்தியவாதிகளான ஜெகந்நாதன், கிருஷ்ணம்மாள் தம்பதி நிலமற்றவர்களோடு உட்கார்ந்து போராடினார்கள். ஜெகந்நாதன் போட்ட வழக்கில்தான் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடலோர ஒழுங்குமுறைப் பகுதிக்குள் இருந்த இறால் பண்ணைகளை அகற்றச் சொல்லித் தீர்ப்பளித்தது. பிறகு 2005இல் கடலோர நீருயிரி வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தது, பண்ணைகள் பதிவு செய்யப்பட வேண்டும் என்றாயிற்று. சட்டம் வந்ததால் கரையோரத்து வழக்கும் வாதமும் ஓய்ந்துவிடவில்லை. பண்ணை வேண்டாம் என்று ஒதுக்குகிறவர்களோடு நான் வாதாட மாட்டேன். தடைக்காலத்தில் இறால் சாப்பிடாமல் இருந்துவிடுவது நேர்மையான வழிதான். ஆசிரியர் அதைத்தான் செய்கிறாராம். என்னால் முடிவதில்லை, வாரத்துக்கு ஒரு நாளாவது வேண்டியிருக்கிறது. முன்பு 3 மே குறிப்பில் விலையையும் வாசத்தையும் மட்டும் பேசினேன், இதையும் அதன் அருகில் வைத்துப் படியுங்கள்.

12 மே

சமையலுக்குத் திரும்பும் முன் ஒன்று. “நன்றாகச் சுட்டுவிட்டால் இறால் ஒவ்வாமை வராது” என்று ஒருவர் துணிச்சலாக எழுதிவிட்டுப் போயிருக்கிறார். தவறு, ஆபத்தான தவறு. ஒவ்வாமையைக் கிளப்பும் முக்கியப் புரதம் டிரோபோமயோசின். அது சூட்டுக்கு அசையாது. பொரித்தாலும் சுட்டாலும் அப்படியே இருக்கும். உதடு தடித்து மூச்சு இறுகிய அனுபவம் உள்ளவர்கள் ருசி பார்க்கக்கூட வேண்டாம். விருந்தாளிக்கு அந்தத் தொல்லை இருந்தால் அதே கல், அதே கரண்டியில் அவருக்குச் சமைக்காதீர்கள்.

19 மே

இனிப்பு கடைசியில்தான் என்று ஏப்ரலில் அடித்துப் பேசியிருந்தேன். பினாங்கிலிருந்து எழுதும் அண்ணன் அதை ஏற்கவில்லை. அங்கே சர்க்கரை கலந்த மசாலாவில் ஊற வைத்துத்தான் கரியில் சுடுகிறார்கள், கருகுவதில்லை என்கிறார். போன ஞாயிறு மொட்டை மாடியில் சிரட்டைக் கரி போட்டுச் சோதித்தேன்.

அண்ணன் சொல்வதில் விஷயம் இருக்கிறது. கிலோவுக்கு 60, 70 நிற்கிற பொடி இறால் பக்கத்துக்கு ஒரு நிமிடத்தில் வெந்துவிடுகிறது. சர்க்கரை கருகுவதற்குள் இறக்கிவிடலாம். கம்பி வலையில் சுடும்போது உருகிய சர்க்கரை கீழே சொட்டிவிடுகிறது. கல்லில் அது போக இடமில்லாமல் அங்கேயே கிடந்து தீய்கிறது. ஆக, விதியை இப்படித் திருத்திக்கொள்கிறேன்: தோசைக்கல்லென்றால் எந்த அளவு இறாலானாலும் பாகு கடைசியில். கரியும் வலையும் பொடி இறாலும் என்றால் முன்னாலேயே கொஞ்சம் இனிப்பு சேர்க்கலாம். பெரிய இறாலைக் கரியில் சுட்டால் மறுபடியும் கடைசியில்தான், தூரிகையால் தடவித் தடவி.

மூங்கில் குச்சியை அரை மணி நேரம் தண்ணீரில் ஊறப் போடுங்கள். ஒரு குச்சியில் கோத்தால் திருப்பும்போது குச்சி மட்டும் சுழலும், இறால் அசையாது. இணையாக இரண்டு குச்சி செருகுங்கள். சிரட்டைக் கரிக்குப் புகை குறைவு, சூடு அதிகம். சாம்பல் பூத்தபின் வலையை வையுங்கள்.

பக்கத்து மாடிக்காரர் சுவர் மேல் எட்டிப் பார்த்துத் தட்டை நீட்டினார். கரி அடுப்பில் உள்ள ஒரே குறை இதுதான்.

20 மே

பின்குறிப்பு: வரி வரியாக மேடு வைத்த, ஒட்டாத பூச்சுள்ள கிரில் தவா வைத்திருப்பவர்கள் நான் சொன்னபடி புகை வரும் வரை வெறுமனே காய வைக்காதீர்கள். அந்தப் பூச்சு 260 டிகிரிக்கு மேல் சிதைந்து நச்சுப் புகை விடும். மிதமான தீ, கொஞ்சம் கூடுதல் நேரம். வரித் தழும்பு படத்துக்கு அழகு. இறால் முழுவதும் படிந்து சிவக்கும் தட்டைக் கல்லில்தான் ருசி அதிகம் என்பேன்.

செக்கு நல்லெண்ணெய் கேட்டவருக்கு: அது சீக்கிரம் புகைந்துவிடும். ஆசைக்கு இறக்கியபின் ஒரு சொட்டு.

5 ஜூன்

நேற்று ஓட்டு எண்ணிக்கை. வீட்டில் எல்லோரும் தொலைக்காட்சி முன்னால். முன்னிலை, பின்னடைவு என்று கத்திக்கொண்டிருந்ததில் பாகு கம்பிப் பதத்தையும் தாண்டிவிட்டது. இரண்டு கரண்டி வெந்நீர் ஊற்றிக் கலக்கினால் இறங்கி வந்துவிடும், பதற வேண்டாம்.

எதோடு சாப்பிடுவது என்ற தகராறு இன்னும் முடியவில்லை போலிருக்கிறது. சூடான சோறும் மிளகு ரசமும் என் கட்சி, இனிப்பை ரசம் வெட்டிக்கொண்டே போகும். பிள்ளைகள் பரோட்டா என்கிறார்கள். எங்கள் ஊரில் இரவுப் பரோட்டாக் கடைக்கு ‘நைட் கிளப்’ என்று பலகை மாட்டியிருப்பார்கள், வெளியூர் விருந்தினர் படித்துவிட்டுத் திகைப்பதைப் பார்க்க வேடிக்கையாக இருக்கும். அங்கிருந்து நாலு பரோட்டா வாங்கிவந்து கல்லில் மிச்சமிருக்கும் பாகில் பிரட்டி எடுத்தால், ஒப்புக்கொள்கிறேன், ரசம் சோறு பின்னுக்குப் போய்விடுகிறது.

தலையையும் ஓட்டையும் மீன்காரம்மாவிடமே விட்டுவிட்டு வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: கேட்டு வாங்கி வாருங்கள். எண்ணெயில் வதக்கி ஒரு டம்ளர் தண்ணீரில் கால் மணி நேரம் கொதிக்க வைத்து வடித்தால் அடுத்த நாள் குழம்புக்கு அடித்தளம் ஆயிற்று. தலை சீக்கிரம் கருத்துவிடும். அது நொதியின் வேலை, அழுகல் இல்லை. வாடை மாறியிருந்தால் மட்டும் வீசுங்கள்.

16 ஜூன்

விசைப்படகுகள் கிளம்பிவிட்டன. விலை இறங்க இன்னும் சில நாள் ஆகும், முதல் வாரத்தில் அவசரப்பட்டு ஏலக் கூடத்துக்கு ஓடாதீர்கள்.

இதே முறையில் கோழி செய்யலாமா என்று இரண்டு பேர். பாகு ஒன்றுதான், நேரக் கணக்கு ஒன்றல்ல. கோழி உள்ளே 74 டிகிரி வர வேண்டும், கீறலில் கண்ணாடி மிச்சம் வைக்கிற வேலையெல்லாம் அங்கே கூடாது. தொடைக்கறியை மெல்லிசாகத் தட்டி, மூடி போட்டு முழுக்க வேக வைத்து, மூடியைத் திறந்து நீரை வற்ற விட்டு, அதன் பிறகு பாகு. அரை மணி நேரத்துக்குள் முடியாது. எட்டு மணிக்கு வீடு வருகிறவர்கள் இறாலோடு இருந்துகொள்ளுங்கள்.